கராஜ் சுவரின் ஆறாவது ஆணி

வீட்டில் எந்த விஷயத்திலும் கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம் இல்லாத ஆண்கள், அப்படி ஓர் அதிகாரத்தை எங்காவது உண்டாக்கிக்கொள்வார்கள். சிலருக்கு அது வீட்டுக்குப் பின்னால் இறைச்சி வாட்டும் அடுப்பு. சிலருக்குக் கோயில் நிர்வாக சபை. எனக்கு, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜின் இடதுபக்கச் சுவர். அந்தச் சுவரில் எந்தப் பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் ஏறலாம், எவருடையது ஏறக்கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நானே என் தலையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இதற்கென்று ஒரு மண்டபமே இருக்கிறதாம். எங்களிடம் புல்வெட்டும் இயந்திரமும் பழைய மெத்தை ஒன்றும் இருந்த கராஜ்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் குடியிருப்பவனுக்குப் பேஸ்போலோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். (கிரிக்கெட்டைக் கைவிட்டவன் என்று என் சொந்தச் சகோதரன் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.) எனக்கு ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை. காலையில் வீட்டில் நானும் மாமாவும் மட்டும்தான் சும்மா இருப்போம். மாமா என்றால் என் மனைவி வதனியின் அப்பா. இங்கே காலை என்றால் அமெரிக்காவில் இரவு. அங்கே ஆட்டம் நேரலையாக ஓடும். ஒருநாள் தற்செயலாக அந்த அலைவரிசை வந்துவிட்டது. மாமா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உது எங்கட எல்லே தானே" என்றார். அவ்வளவுதான். அன்று தொடங்கியது.

எல்லே என்பது இலங்கையின் தெற்கில் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடுவது. மூங்கில் பொல்லால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றிவர இருக்கும் தரிப்புகளைத் தொட்டுக்கொண்டு ஓடி வரவேண்டும். மாமா தபால் கந்தோர்க்காரர். இளவயதில் தெற்கில் ஒரு சிறு பட்டணத்துக்கு மாற்றமாகிப் போனபோது கந்தோர் அணியில் ஆடியிருக்கிறார். அங்கே ஒரு புத்தாண்டு இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கடைசி அடியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் தெரியாதவர் இல்லை. பந்து எல்லையில் நின்ற தென்னைக்கு மேலால் போய் அந்தப் பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. பிறகு ஒருவரும் அதைக் காணவில்லை. இந்தக் கதையை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பேன். தொலைக்காட்சியில் யாராவது உயர அடித்தால் இரண்டாவது முறையும் கேட்பேன்.

சுவரில் ஏறியவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்களுக்கே பாதிப் பெயர் வாயில் நுழையாது. மாமா தன் வசதிக்குப் பெயர் வைத்திருந்தார். புள்ளிவிவரம் எதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை (விளங்கவில்லை என்பதே உண்மை). குணத்தைப் பார்த்தோம். வருடக்கணக்காகக் குந்தியிருந்து பந்து பிடித்த ஒருவரை, அந்த முழங்கால் பட்ட பாட்டுக்காகவே சேர்த்தோம். தன் காலத்தின் மிகப் பெரிய அடிகாரர் என்று பெயரெடுத்த இன்னொருவரை மாமா ஒரே வசனத்தில் தள்ளிவிட்டார்: "துப்பித் துப்பி நிக்கிறவனைச் சுவரில ஏத்தேலாது, தம்பி." நான் கெஞ்சிப் பார்த்தேன். சூயிங்கம்தான் மாமா என்றேன். அசையவில்லை.

அதைவிடப் பெரிய சண்டை ஓட்டைக்கையனுக்காக நடந்தது. முக்கியமான ஆட்டம் ஒன்றில் கைக்குள் வந்த பந்தை விட்டுத் தன் அணியைத் தோற்கடித்தவர் அவர். அவருக்கு என் சுவரில் என்ன வேலை என்று கேட்டேன். மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தோற்றபிறகு மற்றவர்கள் எல்லோரும் உள்ளே ஓடி ஒளிய, இந்த மனுசன் மட்டும் கமராவுக்கு முன்னால் நின்று, நான்தான் விட்டனான் என்று சொன்னதை நான் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்றார். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஓட்டைக்கையனைச் சேர்த்தேன்.

இப்படி ஐந்து பேர். சட்டம் போட்ட படம் மட்டும் மாட்டினால் வங்கியில் ஊழியர் படம் மாட்டியதுபோல் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மாலை இல்லாத மரியாதை மரியாதையா? பென்டில் ஹில் பக்கம் ஒரு கடையில், வாடாத சந்தனச் சீவல் மாலை தொங்குவதைக் கண்டிருந்தேன். போய் ஐந்து கேட்டேன். கடைக்காரர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"ஐஞ்சோ? ஒரே குடும்பமோ அண்ணை?"

"இல்லை, வேற வேற ஆக்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. விலையைக் குறைத்தார். ஊதுபத்திப் பெட்டி ஒன்றைச் சும்மா போட்டுத் தந்து, என் கையையும் பிடித்து அழுத்தினார். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஐவரில் மூன்று பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், அதில் ஒருவர் கார் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. கழுத்தில் விழும் மாலைக்கும் படத்தில் விழும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்க் குழந்தைக்கே தெரியும். எனக்கு அந்தச் சுவர் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய்விட்டது.

இதற்கிடையில் மாமாவின் நெஞ்சில் மூன்று குழாய் அடைத்திருப்பதாக வைத்தியர் சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சை செய்யவேண்டும். மாமா ஒரு வருடமாக மாட்டேன் என்றார். வதனி அழுதாள், மாமி விரதம் பிடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் தானாகவே சரி என்றார். ஆஸ்பத்திரி ஒரு வியாழக்கிழமையைத் தந்தது. இனித் தள்ளிப்போடுவது ஆபத்து, இந்தத் தேதியை விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்றும் சொன்னது.

சம்மதித்த நாளிலிருந்து மாமா மாறிப்போனார். ஆட்டம் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். யாரைச் சேர்ப்பம் என்று கேட்டால், "உங்கட விருப்பம், தம்பி" என்பார். அவர் வாயைக் கிளறவென்றே துப்புகிறவரைச் சேர்ப்போமா என்றேன். அதற்கும் சரி என்றார். அன்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. என் அப்பாவோடு நான் பத்து வசனம் சேர்ந்தாற்போல் பேசியவன் இல்லை. இந்த மனுசனோடு ஒவ்வொரு காலையும் மூன்று மணித்தியாலம் வாதாடியிருக்கிறேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அதை வாயால் சொல்லத் தெரியாதபடியால், அவரைச் சுவரில் ஏற்றுவது என்று முடிவெடுத்தேன். வியாழக்கிழமைக்கு முதல். அவருக்குத் தெரியாமல்.

பக்கத்து வீட்டுச் செந்தில் உதவிக்கு வந்தான். மதுரைக்காரன். அவனிடம் கலர் பிரிண்டர் இருந்தபடியால் அவனை எங்கள் குழுவின் செயலாளராக முன்பே நியமித்திருந்தேன். மாமாவின் படங்களில் தெளிவாக இருந்தது கடவுச்சீட்டுப் படம்தான்; சிரிக்காமல், காது இரண்டும் தெரிய, நேரே பார்க்கிற படம். அதைப் பெரிதாக்கினோம். அமெரிக்க மண்டபத்தில் ஒவ்வொருவருக்கும் கீழே அவர் ஆடிய காலத்தைப் பொறித்திருப்பார்கள் என்று வாசித்திருந்தேன். ஆகவே மாமாவின் பெயருக்குக் கீழே அவர் எல்லே ஆடத் தொடங்கிய வருடம், ஒரு சிறு கோடு, ஆட்டத்தை நிறுத்திய வருடம். அதற்கும் கீழே, "தென்னைக்கு மேலால் போன கடைசி அடி".

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒப்பரேசன் நல்லபடி முடியவேண்டும் என்று அர்ச்சனை செய்ய எல்லோரும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனார்கள். நான் தலையிடி என்று சொல்லி நின்றுவிட்டேன். செந்திலும் நானும் ஆறாவது ஆணியை அடித்தோம். படத்தை மாட்டி, அதே கடையில் வாங்கிவந்த ஆறாவது மாலையைப் போட்டோம். கராஜ் இருட்டாக இருந்ததால் படத்துக்குக் கீழே சுவாமி அறையின் சிவப்பு மின்விளக்கைக் கொண்டுவந்து வைத்தோம். புல்வெட்டும் இயந்திரத்தின் பெற்றோல் மணம் தாங்கமுடியவில்லை. கடைக்காரர் சும்மா தந்த ஊதுபத்தி கைவசம் இருந்தது. மெத்தையை மறைக்க வெள்ளைப் படுக்கைவிரிப்பு. வருகிறவர்கள் இருக்க இரண்டு வரிசை கதிரை. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

செந்தில் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். "அண்ணே, ஏதோ ஒண்ணு உறுத்துது."

நானும் பார்த்தேன். உண்மைதான், படம் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன். அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அன்று முழுக்கத் திரும்பி வரவில்லை. (புத்திசாலி.)

கோயிலால் வந்ததும் மாமா படுக்கப் போனார். மாமியும் வதனியும் குசினிக்குள் போனார்கள். சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் கராஜுக்கு அழைப்பதாகத் திட்டம். வெளிச்சம் வரட்டும் என்று தெருப்பக்கக் கதவை முழுவதும் மேலே தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மாமியின் தங்கை, ராணி அன்ரி. ஒப்பரேசன் நேரம் அக்காவோடு நிற்கவென்று மெல்பேர்ன், கிளேட்டனிலிருந்து வந்திருந்தார். விமானத்தில் அணைத்த போனை இன்னும் போடவில்லை.

அன்ரி பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி வந்தார். நின்றார். படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வெள்ளையில் கைகட்டி நின்ற என்னைப் பார்த்தார். பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டார். அது தன்பாட்டில் சாய்ந்து விழுந்தது. அவர் கண்கள் நிறைந்து வழிந்தன.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மாமாவுக்குக் கிடைத்த கௌரவத்தைக் கண்டுதான் அன்ரி உருகிப்போய்விட்டார் என்று நினைத்தேன். போய் அவர் தோளைத் தொட்டேன்.

"அழாதைங்கோ அன்ரி. இது அவருக்கு எப்பவோ வந்திருக்கவேண்டியது."

அன்ரி என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். பிறகு வாயைத் திறந்தார். "அத்தான், என்னைப் பார்க்காமலே போட்டியளே" என்று அவர் வைத்த ஒப்பாரிக்குத் தெரு முழுவதும் நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மாமி ஓடி வந்தார், பின்னால் வதனி, அகப்பைக் கையோடு. இரண்டு பேரும் கதவடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசியாக மாமா, சாரத்தை முடிந்துகொண்டு நித்திரைக் கண்ணோடு வந்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

எல்லோர் கண்ணும் போன பக்கம் அவரும் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் சுவர் தெரிந்தது. அத்தனை மாதமாக நான் கட்டிக்காத்தது ஐந்து பேரின் செத்தவீடு. அன்று ஆறாவது ஆளையும் சேர்த்துவிட்டேன். கத்தி வைக்க நாலு நாள் இருக்கிற மனுசனை.

மாமி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முன்வரிசைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கோயில் திருநீற்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை போகேல்லை" என்றார், யாரையும் பார்க்காமல். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு விளக்கு வைத்த வீட்டிலிருந்து தான் அவரை அனுப்பமாட்டேன் என்றார். வதனி வைத்தியர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னாள். தேதி போய்விடும், வரிசை போய்விடும், ஆபத்து அம்மா என்றாள். மாமி தலையை மட்டும் ஆட்டினார். வதனி திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. ஒரு வருடமாக இவள் அழுது காத்திருந்த சம்மதத்தை நான் ஒரு காலைப்பொழுதில் சந்தன மாலையால் கட்டித் தூக்கியிருந்தேன். படத்தைக் கழற்றக் கை நீட்டினேன்.

"விடுங்கோ தம்பி" என்றார் மாமா.

அவர் படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடி இல்லாததால் மூக்கு முட்டுமளவு குனிந்து, கீழே எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"இந்த மாலை எனக்கில்லை" என்றார். "தென்னைக்கு மேலால அடிச்சவனுக்குத்தானே போட்டிருக்கு. அப்பிடி ஒருத்தன் இல்லை."

யாருக்கும் விளங்கவில்லை.

"பந்து மேலால போகேல்லை. தென்னைக்குக் கீழ நிண்ட பெடியன் பிடிச்சுப்போட்டான். நான் அவுட். நாங்கள் தோத்தது."

ராணி அன்ரி அழுகையை நிறுத்திவிட்டார். வாழைத்தோட்டம்? என்று என் வாயிலிருந்து வந்தது. வாழைத்தோட்டமே அங்கே இல்லை என்றார் மாமா. சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெரிதாகச் சம்பாதித்தவர் இல்லை, பட்டம் பதவி வாங்கியவர் இல்லை. சாகும்வரைக்கும் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது அந்த ஓர் அடிதான். அதை மாமியின் காலடியில் போட்டுவிட்டு, வேறொன்றும் இல்லாமல் சாரத்தோடு அந்தக் கதிரையில் இருந்தார்.

மாமி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கும் உதைத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"எங்கட ஐயாவுக்கு முன்னால."

"ஓம்."

"தென்னைக்கு மேலால எண்டு, கையைத் தூக்கிக் காட்டி."

"ஓம். பொய்தான்."

மாமியின் முகத்தில் பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் கண்டேன். அவர் எழும்பினார். கையிலிருந்த திருநீற்றை மாமாவின் நெற்றியில் பூசினார். பூசினார் என்பதைவிட அப்பினார் என்பதுதான் சரி.

"வியாழக்கிழமை போட்டு வாங்கோ" என்றார். "வந்தாப்பிறகு இதைப்பற்றிக் கதைக்கிறன்."

குசினிக்குள் போய்விட்டார். மாமா என்னைப் பார்த்து, இனிப் படத்தைக் கழற்றலாம் என்று கண்ணைக் காட்டினார்.

வியாழக்கிழமை போனார். அந்த நாளைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. நாங்கள் ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழியில் நெடுநேரம் நின்றோம், பிறகு வைத்தியர் வந்து நல்லபடி முடிந்தது என்றார். வதனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். (இல்லை. பிடிக்க வேறொன்றும் கிட்ட இருக்கவில்லை.)

மாமாவின் தொண்டைக் குழாயை எடுத்து, பேசலாம் என்று சொன்ன அன்றே மாமி கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கினார். பந்தைப் பிடித்தவன் யார்? சுங்க இலாகாக்காரன் ஒருவன் என்றார் மாமா, பலவீனமான குரலில். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டபோது அது பள்ளிக்கூட வாத்தியார் ஆகியிருந்தது. போன மாதம் ஒரு பேக்கரிக்காரரின் மகன். பொய்யே சொல்லி வந்த அடியைப் பற்றி அத்தனை வருடமும் ஒரு சொல் மாறாமல் சொன்ன மனுசன், உண்மையைச் சொல்லத் தொடங்கியபின் ஏன் இப்படித் தடுமாறுகிறார் என்று எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. அது இன்னும் தீரவில்லை.

இன்று எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் கூடுதலாகத் தன்னைப் பற்றிச் சொன்னால், நேர்முகத் தேர்வு நன்றாகப் போனது என்றாலோ, கோழிக்கறியை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்றாலோ, சுற்றி இருப்பவர்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "பிடிச்சுப்போட்டானோ?" கிளேட்டனில் ராணி அன்ரியின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது போய்விட்டது. யாருக்காவது பல்லுப் பிடுங்கத் தேதி கொடுத்தாலும் மாமி கராஜைப் பூட்டி, என்னிடமிருந்து திறப்பையும் வாங்கி வைத்துக்கொள்வார். சந்தன மாலைகள் குப்பைக்குப் போய்விட்டன. ஐந்து பேரும் மாலை இல்லாமல், வங்கி ஊழியர்போல, சுவரில் இருக்கிறார்கள்.

ஆறாவது ஆணியைப் பிடுங்கவில்லை. மாமா காலையில் நடந்துவிட்டு வந்து தன் தொப்பியை அதில் கொழுவுவார். ஒருநாள் செந்தில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான், இவரை எதுக்காகண்ணே சேர்த்தோம், அடிச்சதுக்கா, அடிக்கலைன்னு சொன்னதுக்கா என்று. நான் யோசித்துப் பார்த்தேன். பந்து பிடிபட்டிருந்தால், ஓட்டைக்கையனுக்குக் கொடுத்த இடத்தை இவருக்கு மறுக்கமுடியாது. பிடிபடாமல் தென்னைக்கு மேலாலேயே போயிருந்தால், அன்று அந்தக் கதிரையில் இருந்துகொண்டு மாமியைச் சம்மதிக்கவைக்கவென்று தன்னிடம் இருந்த ஒரே அடியை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். குழு எதையும் எழுதி வைக்கவில்லை.

போன வாரம் காலை. திரையில் ஒருவன் உயர அடித்தான். பந்து போய்க்கொண்டே இருந்தது. எல்லைச் சுவரடியில் ஒருவன் பாய்ந்து எழும்பினான். குசினிக்குள்ளிருந்து மாமி எட்டிப்பார்த்தார்.

"பிடிச்சுப்போட்டானோ?"

"இல்லை" என்றார் மாமா, தலையைத் திருப்பாமல். "மேலால போட்டுது."

திரையில் அந்த ஆள் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றான். மாமி அதைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "சரி, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.